ரோபோட்டிக்ஸா, ஏரோஸ்பேஸா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மேல்நிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயற்பியல், கணித ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பாலக்கோட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் படித்தவன் நான். இப்போது ஓசூரில் ஆட்டோமேஷன் வேலை. ஆலைகளில் ரோபோவை நிறுவுவது, அதற்கு ப்ரோகிராம் எழுதுவது, பாதி ராத்திரியில் அது நின்றுபோனால் ஏன் நின்றது என்று போய்ப் பார்ப்பது, இதுதான் பிழைப்பு. பிளஸ் டூ ரிசல்ட் வந்து, பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு தொடங்கியதும் ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "தம்பி, பையனுக்கு ரோபோட்டிக்ஸ் போடலாமா, ஏரோஸ்பேஸ் போடலாமா?" சில வருடம் முன்பு வரை இதே ஆட்கள் சிவிலா மெக்கானிக்கலா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "உங்க சார் என்ன சொன்னார்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அனேகமாக வரும் பதில்: "ரெண்டுமே நல்ல படிப்புதான், கட் ஆஃப் பார்த்து முடிவு பண்ணுங்கன்னு சொன்னார்."

கேட்கிற பிள்ளைக்கு அது போதாது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைக்குப் பேசிப் பார்க்க வேறு ஆள் இல்லை. சித்தப்பா பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார், மாமா திருப்பூரில் இருக்கிறார். மிச்சம் இருப்பது கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் புரோக்கரும், கை குலுக்கும் ரோபோ படம் போட்ட நோட்டீஸும்தான். அதனால் உங்கள் வாய்ச்சொல்லுக்கு நீங்கள் நினைப்பதைவிட எடை அதிகம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரோஸ்பேஸ், கல்லூரியைப் பார்த்து மட்டுமே எடுக்க வேண்டிய படிப்பு. நல்ல இடத்தில் கிடைத்தால் எடுக்கலாம், கிடைக்காவிட்டால் இளநிலையில் அதை விட்டுவிடலாம். ரோபோட்டிக்ஸ், மூன்று நான்கு கிளைகளில் எதிலிருந்தும் போய்ச் சேரக்கூடிய வேலை. அதற்கு அந்தப் பெயர் போட்ட பட்டம் கட்டாயமில்லை. ஆகவே நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டு பெயர்களும் விருப்பப் பட்டியலின் தலையில் இருக்கத் தேவையில்லை. இதைச் சொன்னால் ஆசையில் மண் போடுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

ஏரோஸ்பேஸில் என்ன படிக்கிறார்கள்? காற்று ஒரு இறக்கையைச் சுற்றி எப்படி ஓடுகிறது, எஞ்சின் எப்படித் தள்ளுகிறது, எடை குறைந்த உடல் எப்படி உடையாமல் தாங்குகிறது, பறக்கும் பொருள் தள்ளாடாமல் நேராகப் போவது எப்படி. நான்குக்கும் அடியில் ஓடுவது வகைக்கெழுச் சமன்பாடுகள். பிளஸ் டூ கணிதத்தில் பத்தாவது பாடமாக வரும் அந்தச் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளை ஐந்து மார்க் கணக்காக மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவன் இரண்டாம் ஆண்டிலேயே தடுமாறுவான்.

ஆளைக் கண்டுபிடிக்க உங்கள் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. பெர்னௌலி தேற்றம் நடத்தும்போது விமான இறக்கை உதாரணம் வரும். மேல்புறம் வளைந்திருப்பதால் அங்கே போகும் காற்று அதிக தூரம் போக வேண்டும், கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும், அதனால் வேகம் கூடுகிறது என்று பல வகுப்புகளில் சொல்வதுண்டு. அப்படிச் சேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் காற்றுக்கு இல்லை. இறக்கை மாதிரியின் மேல் காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் புகை விட்டுப் பார்த்தால் மேலே போகும் காற்று முன்னதாகவே போய்விடுவது தெரியும். வகுப்பில் யாராவது எழுந்து, "விமானம் தலைகீழாகவும் பறக்குதே, அப்போ இந்த விளக்கம் எப்படி சார் பொருந்தும்?" என்று கேட்டால், அந்தப் பிள்ளையின் பெயரைக் குறித்து வையுங்கள். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைப் பற்றி அவனோடு அரைமணி நேரம் பேசுங்கள். மறுநாள் வந்து இன்னொரு கேள்வி கேட்டால், ஏரோஸ்பேஸ் அவனுக்குத்தான்.

சரி, அப்படிப்பட்ட பிள்ளை எங்கே போக வேண்டும்? சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி). 1949இல் தொடங்கியபோதே ஏரோநாட்டிகல், அதாவது விமானப் பொறியியல், அங்கே ஒரு பாடப்பிரிவு. கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு அங்கேதான் போனார். இன்று அது அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகம், கலந்தாய்வு வழியாகவே சேரலாம். கட் ஆஃப் மிக உயரத்தில் இருக்கும், ஆனால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருக்கிறது, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அடுத்தது சென்னை ஐ.ஐ.டி. போன்றவை. அப்புறம் திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறையே 2007இல் தொடங்கிய ஐ.ஐ.எஸ்.டி. இந்த இரண்டுக்கும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும். இதைப் பிளஸ் டூ முடித்தபின் தெரிந்துகொண்டு ஒரு பயனும் இல்லை. பிளஸ் ஒன் சேரும் ஜூன் மாதத்திலேயே உங்களில் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

இவை கிடைக்காதபோது, காற்றுச் சுரங்கம் இல்லாத, எஞ்சின் சோதனைக்கூடம் இல்லாத, கரும்பலகையில் மட்டும் விமானம் பறக்கும் கல்லூரியில் ஏரோஸ்பேஸ் எடுப்பதைவிட மெக்கானிக்கல் எடுப்பது மேல். காரணம், வேலை கொடுப்பவர்கள் கேட்பது அதைத்தான். இஸ்ரோவின் மையத் தேர்வு வாரியம் பொறியாளர்களை எடுக்க விடும் அறிவிப்பை ஒருமுறை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற மூன்றுக்குத்தான் பெரும்பாலான இடங்கள். சந்திரயான் 3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். முதலில் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ, பிறகு பி.இ.யும் மெக்கானிக்கல். சந்திரயான் 1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ். இஸ்ரோவின் இப்போதைய தலைவர் நாராயணனும் டிப்ளமோவில் தொடங்கி, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் துறையில் எம்.டெக். முடித்து, அதன் பிறகுதான் ஏரோஸ்பேஸில் முனைவர் பட்டம் வாங்கினார். இஸ்ரோவின் முன்னாள் தலைவர் சிவன் ஏரோநாட்டிகல்தான், ஆனால் அவரும் நாகர்கோவிலில் கணிதப் பட்டம் முடித்த பிறகு எம்.ஐ.டி. போனவர். இந்தப் பெயர்களை மேடையில் சொல்லும் நாம், அவர்கள் போன பாதையை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

இடையில் சில குழப்பங்களையும் தீர்த்துவிடுங்கள். ஏரோநாட்டிகல் படித்ததால் மட்டும் விமானி ஆகிவிட முடியாது. விமானம் ஓட்டப் பொறியியல் பட்டமே தேவையில்லை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், மருத்துவத் தகுதியும், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளும், 200 மணி நேரப் பறத்தலும், பல லட்சம் ரூபாயும் வேண்டும். விமானத்தைப் பழுது பார்ப்பது இன்னொரு தனிப் பாதை, அதற்கு டிஜிசிஏ உரிமம் தேவை. 2024 ஜூனில் சட்டமன்றத்தில் ஓசூர் விமான நிலைய அறிவிப்பு வந்ததிலிருந்து எனக்கு வரும் இன்னொரு போன்: "ஏர்போர்ட் வருதாமே, ஏரோஸ்பேஸ் போட்டா அங்கேயே வேலை கிடைக்குமா?" கிடைக்காது. விமான நிலையம் நடத்துவதற்கு சிவில், எலக்ட்ரிக்கல் ஆட்களும் தரைப்பணியாளர்களும்தான் நிறைய வேண்டும். அமெரிக்க ராக்கெட் நிறுவனக் கனவோடு வரும் பிள்ளைக்கு, அந்நாட்டு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அங்கே குடிமக்களையும் நிரந்தரமாகக் குடியேறியவர்களையும் தவிர மற்றவர்களை எடுப்பது மிகக் கடினம் என்பதையும் சொல்லிவிடுங்கள். பெங்களூரில் போயிங், ஏர்பஸ், ஜி.இ., ரோல்ஸ் ராய்ஸ் ஆகியவற்றின் பொறியியல் மையங்கள் இருக்கின்றன. அது நமக்கு நேரே தெரியும் வழி.

திப்பு காலத்து இரும்புக்குழாய் ராக்கெட்டைச் சொல்லி, அன்று பாராமகால் என்று அழைக்கப்பட்ட நம் வட்டார மண்ணுக்கே ராக்கெட் சொந்தம் என்று ஆரம்பிக்கும் பேச்சாளர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். கலந்தாய்வில் கல்லூரியையும் கிளையையும் வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு அதனால் உபயோகம் இல்லை. அதைவிட, தளி சாலையில் பெலகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுதளம் ஒன்று இருப்பதையும், 1990களில் இத்தாலிய வடிவமைப்பில் ஆறு பேர் போகும் இரட்டை எஞ்சின் விமானத்தை அங்கே தயாரித்தார்கள் என்பதையும் சொல்லலாம். ஓசூரில் படிக்கும் பிள்ளைக்கே இது தெரிவதில்லை.

இனி ரோபோட்டிக்ஸ். இது என் வீட்டு விஷயம், கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

நோட்டீஸில் இருக்கும் மனித உருவ ரோபோவை நான் எந்த ஆலையிலும் பார்த்ததில்லை. ஆலையில் இருப்பது தரையில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு கை. ஆறு மூட்டு, ஆறு சர்வோ மோட்டார். வெல்டிங் செய்யும், பெயின்ட் அடிக்கும், ஒரு பாகத்தை எடுத்து இன்னொரு இடத்தில் வைக்கும். அந்தக் கையின் நுனி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை நான்குக்கு நான்கு அணியாக எழுதுகிறோம். ஒவ்வொரு மூட்டுக்கும் ஓர் அணி, ஆறையும் பெருக்கினால் நுனியின் இடம் கிடைக்கும். பிளஸ் டூ கணிதத்தில் முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தானே? பூச்சியக் கோவை அணிக்கு நேர்மாறு கிடையாது என்று நீங்கள் நடத்துவீர்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அது எங்கே பயன்படும் என்று யாரும் கேட்பதில்லை. ரோபோ கையை முழுக்க நேராக நீட்டினால், மூட்டுகளின் வேகத்தையும் நுனியின் வேகத்தையும் இணைக்கும் அணியின் கோவை மதிப்பு பூச்சியமாகிவிடும். நேர்மாறு இல்லை. எந்த மூட்டை எவ்வளவு திருப்புவது என்று கணக்கிட முடியாமல் கன்ட்ரோலர் அலாரம் அடித்து நிற்கும். ராத்திரி ஷிஃப்டில் லைன் நின்றுபோய் எனக்குப் போன் வருவதில் இப்படிப்பட்டதும் உண்டு. அடுத்த முறை அந்தப் பாடம் நடத்தும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், பின்வரிசையில் ஒருத்தனாவது நிமிர்ந்து உட்காருவான்.

அணி மட்டும் தெரிந்தால் போதுமா என்றால், போதாது. பி.எல்.சி. எனும் ஆலைக் கட்டுப்பாட்டுக் கணினி, சென்சார், கேமரா, பாதுகாப்பு வேலி, காற்றழுத்தக் குழாய், இவை எல்லாம் சேர்ந்துதான் ஒரு ரோபோ வேலை செய்கிறது. பாதி நாள் பிரச்சினை ரோபோவில் இருக்காது. எங்காவது எண்ணெய் படிந்த சென்சார், தேய்ந்து உள்ளே அறுந்த கேபிள், யாரோ திறந்து விட்டுப்போன கதவு. நின்றுபோன பொருளைப் பார்த்து எரிச்சல் வராமல், ஏன் நின்றது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் பொறுமைதான் இந்த வேலைக்கு முதல் தகுதி. நம் ஊரில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. த்ரீ ஃபேஸ் கரண்ட் வரும் நேரத்துக்கு விழித்திருந்து மோட்டார் போட்ட வீடுகளில், செல்போனிலிருந்தே மோட்டாரை ஓடவிடும் ஸ்டார்ட்டர் வந்தபோது, அதைக் கழற்றிப் பார்த்த பையன் யார், பொண்ணு யார் என்று கேளுங்கள். ரோபோட்டிக்ஸுக்கு ஏற்ற பிள்ளையை அங்கே கண்டுபிடிக்கலாம்.

அந்தப் பிள்ளை எந்தக் கிளை எடுக்க வேண்டும்? கோவை பி.எஸ்.ஜி. போல ரோபோட்டிக்ஸ் அண்ட் ஆட்டோமேஷனைப் பல ஆண்டுகளாக நடத்தும், கருவிகள் உள்ள இடத்தில் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். பல கல்லூரிகள் காலியான மெக்கானிக்கல் இடங்களைக் குறைத்துவிட்டு இந்தப் பெயரில் புதிதாகத் தொடங்கியிருக்கின்றன. ரோபோட்டிக்ஸ் பட்டத்தோடு நேர்முகத் தேர்வுக்கு வந்து, ரோபோவை ஓட்டும் டீச் பெண்டன்ட்டைக் கையில் பிடித்ததே இல்லை என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரி பெயர் வேண்டாம். இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கியிருக்கிறார்கள், ரோபோ பயிற்சியும் அதில் அடக்கம். ஐ.டி.ஐ. பையன் ரோபோவைத் தொடுகிறான், ரோபோட்டிக்ஸ் பி.இ. படித்தவன் தொடாமலே வெளியே வருகிறான். இதை என்னவென்று சொல்வது?

மேற்படிப்புக்குக் கேட் தேர்வு எழுதப்போனால் ஏரோஸ்பேஸுக்குத் தனித்தாள் உண்டு, ரோபோட்டிக்ஸுக்குக் கிடையாது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று ஏதாவது ஒன்றைப் புதிதாகத் தயார் செய்ய வேண்டும். அரசு வேலை அறிவிப்புகள் பலவற்றிலும் பழைய கிளைகளின் பெயர்தான் இருக்கும், தன் பட்டம் அதற்கு இணை என்று காட்டும் பாடு விண்ணப்பிக்கிறவனுக்கு. அதனால்தான் சொல்கிறேன்: பர்கூரில் 1994இலிருந்து ஓர் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, தருமபுரி செட்டிக்கரையில் 2013இலிருந்து இன்னொன்று. அங்கே மெக்கானிக்கல், இ.இ.இ., இ.சி.இ. இவற்றில் ஒன்றை எடுத்து, கூடவே ரோபோட்டிக்ஸைக் கற்றுக்கொள்ளலாம். என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் ரோபோட்டிக்ஸ் வகுப்புகள் இலவசம். ரோபோவுக்கு ப்ரோகிராம் எழுத உதவும் ஆர்.ஓ.எஸ். மென்பொருளும் இலவசம், கணினியிலேயே ரோபோவை ஓட்டிப் பழகலாம். மெக்கானிக்கல்காரன் எலக்ட்ரானிக்ஸும், எலக்ட்ரானிக்ஸ்காரன் இயந்திரமும் கொஞ்சம் தெரிந்துகொண்டு வந்தால் எங்கள் வேலையில் உடனே எடுத்துக்கொள்வோம்.

வேலைக்கு எங்கே போவது என்று இந்த ஊர்ப் பிள்ளை கவலைப்பட வேண்டியதில்லை. ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன், ஏத்தர். குருபரப்பள்ளியில் டெல்டா. போச்சம்பள்ளியில் ஓலா. இவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு ஆலைகள் வேறு. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று.

இன்னும் ஒன்று. இந்த இரண்டு துறைகளையும் எதிரெதிராக நிறுத்துவதே கொஞ்சம் செயற்கைதான். நிலவில் ஓடிய பிரக்யான் ஆறு சக்கரம், 26 கிலோ, அது ஒரு ரோபோ. 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி60 போனபோது அதன் கடைசி அடுக்கில் நடக்கக்கூடிய ரோபோ கை ஒன்றையும் இஸ்ரோ வைத்து அனுப்பியது. ட்ரோனை எந்தத் துறையில் சேர்ப்பீர்கள்? மாந்தோப்புக்கு மருந்து அடிக்க ட்ரோன் வரும்போது, பறப்பது ஏரோஸ்பேஸ், மரத்தைப் பார்த்துத் தானே ஒதுங்கிப் போவது ரோபோட்டிக்ஸ். ஓசூரிலேயே டைட்டனின் துணை நிறுவனமான டீல், ஒரு பக்கம் ஆலைகளுக்கு ஆட்டோமேஷன் இயந்திரங்களும் இன்னொரு பக்கம் விமானப் பாகங்களும் செய்கிறது. கைக்கடிகாரம் செய்து பழகிய துல்லியம்தான் இரண்டுக்கும் மூலதனம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021இல் போச்சம்பள்ளி ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா அறிவித்தது. நம் மாவட்டங்களில் ஆலை பஸ் நிற்கும் எந்த நிறுத்தத்திலும் அடையாள அட்டை மாட்டிய பெண்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். அசெம்ப்ளி லைனில் அவர்கள் ஏராளம். அந்த லைனை வடிவமைக்கிற, ப்ரோகிராம் எழுதுகிற, நின்றால் சரிசெய்கிற குழுவில் நான் வேலை பார்த்த இடங்களில் பெண்கள் மிகக் குறைவு. "பொண்ணுக்கு ஷாப் ஃப்ளோர் வேண்டாம், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு" என்று அக்கறையோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் அதே பெண் கம்ப்யூட்டர் சயின்ஸும் கிடைக்காமல், கல்யாணப் பேச்சும் தள்ளிப்போய், மூன்று வருடம் கழித்து அதே ஷாப் ஃப்ளோரில் ஒப்பந்தத் தொழிலாளியாக நிற்கிறாள். அணிக்கோவையில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பெண்ணிடம் மெக்கானிக்கல், இ.இ.இ. என்ற சொல்லைத் தயவுசெய்து உச்சரியுங்கள். அப்பாவை ஒருநாள் பள்ளிக்கு வரச் சொல்லி, புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதையும் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கட்டணம் இல்லை என்பதையும் நீங்களே அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

சாய்ஸ் ஃபில்லிங் நடக்கும் நாட்களில் பள்ளிக் கணினி அறையைத் திறந்து வைக்க முடிந்தால் பெரிய உதவி. பிரவுசிங் சென்டரில் இருக்கும் தம்பி தனக்குத் தெரிந்த வரிசையில் போட்டு அனுப்பிவிடுகிறான். ரோபோட்டிக்ஸ், ஏரோஸ்பேஸ் கேட்கிற பிள்ளையோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு போன் போடச் சொல்லுங்கள். ரோபோட்டிக்ஸ் என்றால்: உங்களிடம் எத்தனை ஆறு அச்சு ரோபோ இருக்கிறது, எந்த ஆண்டில் மாணவர் அதை ஓட்டுவார்? ஏரோஸ்பேஸ் என்றால்: காற்றுச் சுரங்கம் உண்டா, அதில் கடைசியாக எப்போது சோதனை செய்தீர்கள்? மழுப்பினால் அந்தக் கல்லூரியை வரிசையில் கீழே தள்ளி, அரசு கல்லூரியின் பழைய கிளையை மேலே போடுங்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் உங்கள் பழைய மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். சனிக்கிழமை கூப்பிட்டால் வருவோம், டீச் பெண்டன்ட் ஒன்றையும் இரவல் வாங்கி எடுத்துவரப் பார்க்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் கூப்பிடுங்கள், ரிசல்ட் வந்த பிறகு வேண்டாம்.

இப்படிக்கு,
பாலக்கோட்டுப் பக்கத்துப் பழைய மாணவன், ஓசூர்